கை நடுக்கமும் களைக்கொல்லி மருந்தும்



போன மாதம் கிளினிக்குக்கு ஓர் அம்மா வந்தார். வயது அறுபத்தைந்து இருக்கும். வலது கையை மடியில் சும்மா வைத்திருந்தார்; அந்தக் கை தானாக ஆடிக்கொண்டிருந்தது. "வயசாயிருச்சுல்ல டிரசரே, அதான்" என்றார். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். "பதினெட்டு வருசம் மருந்தடிச்சேன்" என்று சாதாரணமாகச் சொன்னார். அவருடைய பழைய கார்டைப் புரட்டிப் பார்த்தேன். இரத்த அழுத்தம், இனிப்பு நீர், முட்டி வலி எல்லாம் எழுதியிருக்கிறது. மருந்தடித்த கணக்கு மட்டும் ஒரு வரி கூட இல்லை. ஆகவே இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

சுங்கை ரம்பாய், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களில் முதுகில் பம்பு தூக்கியவர்களுக்குக் கிராமாக்சோன் என்ற பெயரைச் சொன்னால் போதும். அதன் உள்ளே இருக்கும் விஷத்தின் பெயர் பாராகுவாட். 1955ல் இங்கிலாந்தில் இதற்குப் புல்லைக் கருக்கும் சக்தி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 1962ல் விற்பனைக்கு வந்தது. காலையில் அடித்தால் வெயில் ஏற ஏற புல் வாடிவிடும். ஆனால் வேரைத் தொடாது. சில வாரத்தில் புல் மீண்டும் தலைகாட்டும், நீங்களும் மீண்டும் பம்பைத் தூக்குவீர்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், முக்கியமான இடம் இதுதான். பச்சை இலை வெயிலை வாங்கி உணவு சமைக்கும்போது, எலக்ட்ரான் என்னும் மிக நுண்ணிய மின் துகள்கள் கை மாறிக் கை மாறிப் போகும். பாராகுவாட் நடுவில் புகுந்து ஒரு துகளைப் பிடுங்கிக்கொள்ளும். உடனே அதைக் காற்றில் உள்ள ஆக்சிஜனிடம் தள்ளிவிடும். தள்ளியதும் தான் பழையபடி ஆகிவிடும். மறுபடி பிடுங்கும், மறுபடி தள்ளும். இங்கே வாங்கி அங்கே விற்கும் தரகனைப் போல, அது தான் செலவாவதே இல்லை. அதனிடம் துகளை வாங்கிய ஆக்சிஜனோ முரட்டு ஆக்சிஜனாக மாறி, பக்கத்தில் உள்ள அணுவறைகளைக் கருக்கிவிடும்.

மனிதனுக்கு இலை இல்லையே என்று நினைக்க வேண்டாம். ஆக்சிஜன் நிறைந்த இடம் நம் உடம்பில் எது? நுரையீரல். அது மட்டுமல்ல, நுரையீரல் இந்த விஷத்தைத் தானே இழுத்துச் சேர்த்து வைத்துக்கொள்கிறது என்று 1974ல் எலிகளை வைத்து ஆராய்ந்து சொன்னார்கள். உடம்புக்குத் தேவையான வேறொரு பொருள் என்று ஏமாந்து உள்ளே விடுகிறது. அதன் பிறகு நுரையீரல் தழும்பு கட்டி இறுகிப் போகும். மாற்று மருந்து இன்று வரை கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூச்சுத் திணறி வருபவருக்கு ஆக்சிஜன் வைப்பதுதான் எங்கள் பழக்கம். பாராகுவாட் நோயாளிக்கு அதைத் தாராளமாக வைத்தால் எரிகிற அடுப்பில் விறகு போட்டது மாதிரி. டாக்டர் அளந்துதான் கொடுப்பார். ஆகவே யாராவது தவறி விஷத்தைக் குடித்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டின்னையோ லேபளையோ கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வலி இல்லையே, நன்றாகப் பேசுகிறாரே என்று காத்திருக்கக் கூடாது. சிறுநீரில் ஒரு மருந்தைக் கலந்து, நீலமாக மாறுகிறதா என்று பார்த்தே இந்த விஷத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

நம் நாட்டில் இதற்குத் தடை வந்த கதை நீளம். மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஆராய்ந்து தெனாகானித்தா அமைப்பு அறிக்கை வெளியிட்டது 2002ல். அதே ஆண்டு ஆகஸ்டில் தடை செய்வதாக அறிவித்தார்கள். 2006ல் தடையைத் தளர்த்தினார்கள். நகம் கறுத்து விழுந்த கைகளும், மூக்கில் இரத்தம் வடிந்த முகங்களும் அதற்குப் பிறகும் என் மேசைக்கு வந்துகொண்டுதான் இருந்தன. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை. தென் கொரியாவில் 2012ல் விற்பனையை நிறுத்திய பிறகு, பூச்சி மருந்து, களை மருந்து குடித்து உயிர் விட்டவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. விளைச்சல் குறையவில்லை.

தடை வந்துவிட்டதே, இன்னும் என்ன பேச்சு என்பீர்கள். அந்த அம்மாவின் கைக்கு வருவோம்.

1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் கள்ளத்தனமாகத் தயாரித்த போதை மருந்தை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள், கிழவர்களைப் போல் விறைத்து, அசைய முடியாமல் ஆனார்கள். பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் அப்படியே இருந்தன. மூளையைக் கெடுத்த பொருளை ஆராய்ந்தபோது அதன் வேதியியல் அமைப்பு பாராகுவாட்டுக்குச் சொந்தக்காரன் போல இருந்தது. அன்றிலிருந்து சந்தேகம். 2011ல் அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் மருந்தடித்தவர்களை ஆராய்ந்ததில், பாராகுவாட் பயன்படுத்தியவர்களிடம் இந்த நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு காணப்பட்டது. 2015ல் வந்த இன்னொரு ஆய்வில், கையுறை ஒழுங்காகப் போட்டவர்களிடம் அந்தக் கூடுதல் தெரியவில்லை. இதுதான் காரணம் என்று முடிவாக நிரூபிக்கப்பட்டதாக நான் எழுதவில்லை, மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கையுறை கேட்டால் "வெயில்ல வேர்க்கும், தேவையில்லை" என்று சொன்ன காலத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

வயதான எல்லோருடைய நடுக்கமும் இதுவல்ல. கிளாசைத் தூக்கும்போது மட்டும் ஆடுவது பெரும்பாலும் வேறு. சும்மா இருக்கும்போது ஒரு பக்கக் கை ஆடுவது, நடை சுருங்குவது, எழுத்து சிறுத்துப் போவது, முகம் உணர்ச்சி இல்லாமல் இருப்பது, வாசனை தெரியாமல் போவது, இவற்றில் சில சேர்ந்து இருந்தால் டாக்டரைப் பாருங்கள். நோயை அடியோடு மாற்ற முடியாது, ஆனால் மருந்து சாப்பிட்டால் சட்டைப் பட்டன் போடவும் சோறு பிசையவும் கை உதவும். டாக்டரிடம் எத்தனை வருசம், எந்த மருந்து அடித்தீர்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்காமல் விடலாம்.

இப்போது பம்பு தூக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு, பெரும்பாலும் வங்காளதேசத்துத் தம்பிகள், அவர்களுக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். பாராகுவாட் போனாலும் வேறு களைக்கொல்லிகள் இருக்கின்றன. பம்பு ஒழுகினால் முதுகில் ஏற்றாதீர்கள். நனைந்த சட்டையை உடனே கழற்றிச் சோப்புப் போட்டுக் குளியுங்கள். வீட்டுக்குப் பின்னால் பழைய டின் கிடந்தால், குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்தது இருந்தால், பிள்ளைகளைத் தொட விடாமல் அலுவலகத்தில் சொல்லுங்கள். சாக்கடையில் கொட்டாதீர்கள்.

அந்த அம்மாவை மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். கடிதத்தின் முதல் வரியிலேயே பதினெட்டு வருசத்தை எழுதிவிட்டேன்.