கூடைக்கும் உண்டு செய்கூலி, சேதாரம்

கேள்வி: ஓசூர் பக்கத்துக் கிராமத்தில் மூங்கில் பழக்கூடை பின்னுகிறேன். ஒரு கூடைக்கு மூங்கில், வார்னிஷ் எல்லாம் சேர்த்து 90 ரூபாய் ஆகிறது. பின்னி முடிக்க 3 மணி நேரம். பெங்களூருக் கடைக்காரர் ஒருவர் 200 ரூபாய்க்கு எடுத்து 450க்கு விற்கிறார். எனக்கு 110 ரூபாய் லாபம் நிற்கிறது. ஆனால் வீட்டில், ‘உன்னை ஏமாற்றுகிறார்கள்’ என்கிறார்கள். விலையைக் கூட்டினால் ஆர்டர் போய்விடுமோ?
– வாசகி, ஓசூர்

பதில்: அந்த 110 ரூபாய் லாபம் இல்லை அம்மா, உங்கள் கூலி. அதுவும் குறைந்த கூலி. இதே கணக்கில் எட்டு மணி நேரம் பின்னினால் 293 ரூபாய்தான் வரும். நூறு நாள் வேலைக்கே 2025-26இல் தமிழ்நாட்டில் நாளுக்கு 336 ரூபாய். அத்திப்பள்ளியைத் தாண்டினால், கர்நாடகத்தில் 370.

நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று தனித்தனியாகப் போட்டாலும் கொடுத்துவிட்டுத்தானே வருகிறோம்? கூடைக்கும் அப்படியே எழுதிப் பாருங்கள்:

பொருள் செலவு – ரூ. 90
சேதாரம் (வெடித்த மூங்கில், கோணிய கூடை) – ரூ. 10
செய்கூலி, மணிக்கு 60 வீதம் – ரூ. 180
பஸ், போன், கத்தி சாணை, பேக்கிங் – ரூ. 20
அடக்க விலை – ரூ. 300
லாபம், 15 சதவீதம் – ரூ. 45
கடைக்குக் கொடுக்கும் விலை – ரூ. 345

345 கொடுத்து வாங்கி 450க்கு விற்றால் கடை வாடகை, ஆள் சம்பளம் போகக் கடைக்காரருக்கு ஒன்றும் மிஞ்சாது. அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல முடியாது. 3 மணி நேர உழைப்பை இந்தக் கூடை தாங்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் நேரத்தைக் குறையுங்கள். ஒவ்வொரு கூடைக்கும் தனியாக மூங்கில் கிழித்துச் சீவாமல், பத்துக் கூடைக்கு வேண்டியதை ஒரே நாளில் தயார் செய்து வையுங்கள். ஒரு கூடை 2 மணி நேரத்தில் முடிந்தால் அடக்கம் 240, கடைக்குக் கொடுக்கும் விலை 276.

அடுத்து, பழைய கூடைக்கு விலை கூட்டுவதைவிடப் புதுப் பொருளுக்குப் புது விலை சொல்வது சுலபம். மூடி போட்ட கூடை, கல்யாணச் சீர்த்தட்டு என்று இறங்குங்கள்.

கண்காட்சியில் நீங்களே நேரடியாக விற்கும்போது 276க்குக் கொடுத்துவிடாதீர்கள். கடை விலையான 450ஐயே சொல்லுங்கள். மிச்சம், நாள் முழுக்க நின்று விற்பதற்கான கூலி. குறைத்து விற்றால் கடைக்காரர் ஆர்டரை நிறுத்திவிடுவார்.

வெளிமாநில விற்பனைக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் என்று பயமுறுத்துவார்கள். ஆண்டு விற்பனை 20 லட்சத்தைத் தாண்டாத கைவினைஞருக்கு விலக்கு உண்டு; மூங்கில் கூடை அந்தப் பட்டியலில் இருக்கிறது. பான் எண் வேண்டும். சரக்கின் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஈ-வே பில் போட்டுத்தான் எல்லையைத் தாண்ட வேண்டும்.

ஒரு வாரம் கடிகாரம் பார்த்துப் பின்னி, உங்கள் அடக்க விலையை நோட்டில் எழுதி வையுங்கள். அதற்குக் கீழே யார் கேட்டாலும் ‘கட்டாதுங்க’ என்று சொல்லிவிடுங்கள்.