பத்துக் கிலோவை மேலே கொண்டுவாரும்

பிள்ளை,

சங்கத்தின் கொள்கை முன்னுரிமைகள் என்று நீர் எழுதிய வரைபை அப்பாவிடம் கொடுத்தனுப்பியிருந்தீர். வாசித்தேன். பதினேழு அம்சங்கள். காணி விடுவிப்பு, பசளை, பயிர்க் காப்புறுதி, விதை, களஞ்சியம் எல்லாம் இருக்கின்றன. இவற்றைப் பற்றி நான் உமக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை. வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப்போகிறோம் என்று 2013இல் அறிவித்தல் ஒட்டினார்களே, உம்முடைய அம்மம்மாவின் தோட்டமும் அதற்குள்தான் கிடந்தது. விவசாய பீடத்தில் படித்தும் வந்திருக்கிறீர். எங்கள் செம்மண்ணைப் பற்றி என்னைவிட உமக்குக் கூடத் தெரியும்.

என்னை நித்திரை கொள்ள விடாதது பதினாலாவது அம்சம். "சந்தைகளில் அறவிடப்படும் கழிவு தொடர்பில் உரிய தரப்புகள் கவனம் செலுத்த வேண்டும்." ஒரேயொரு வரி. அதற்கு மேலே, பதின்மூன்றாவதாக, விவசாயச் சுற்றுலா! சுற்றுலாவுக்கு வருகிறவர் எங்கள் தோட்டத்தில் என்னத்தைப் பார்க்கப்போகிறார், பிள்ளை? 100 கிலோ கத்தரிக்காய் தராசில் ஏறி 90 கிலோவாக இறங்குவதைப் பார்த்தாரென்றால் ஊரில் போய்ச் சொல்ல ஒரு கதை கிடைக்கும். வேறென்ன இருக்கிறது?

கழிவு என்றால் என்னவென்று உமக்குத் தெரியும். ஆனால் அதன் கனம் தெரியவில்லை என்பது அந்த ஒற்றை வரியில் தெரிகிறது. யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் நூறு கிலோ கொடுத்தால் வியாபாரி பத்தைக் கழித்துவிட்டுத்தான் காசு தருகிறார். மழையில் நனைந்த கீரையென்றாலும் பத்து, காயவைத்துக் கட்டிய வெங்காயமென்றாலும் பத்து. கொழும்புக்கு லொறியேறும் சாக்குக்கும், யாழ்ப்பாணப் பட்டினத்துக்குள்ளேயே விற்றுத் தீரும் சாக்குக்கும் அதே பத்துத்தான். வருடம் முழுக்கப் பத்துப் பரப்பில் பாடுபடுகிற ஒருவர் அதில் ஒரு பரப்பின் விளைச்சலைச் சும்மா கொடுக்கிறார். அந்தப் பரப்புக்கும் அவர்தான் தண்ணீர் இறைத்தார், அவர்தான் மருந்தடித்தார், அவர்தான் கூலி கொடுத்தார்.

வெள்ளைக்காரன் காலத்தில் நெல்லுக்கு வரி இருந்தது. பெரும்பாலும் பத்திலொன்று. கட்ட முடியாதவர்களின் வயல்களை ஏலத்தில் விற்றார்கள். வலப்பனைப் பக்கத்தில் அது பெரும் அவலமாகி, இலண்டன் வரைக்கும் விவாதமாகி, கடைசியில் 1892இல் ஆளுநர் ஹவ்லொக் அந்த வரியை ஒழித்தார். அரசாங்கமே வெட்கப்பட்டுக் கைவிட்ட பத்திலொன்றைச் சந்தை இன்றைக்கும் எடுத்துக்கொண்டிருக்கிறது. இதற்குச் சட்டமுமில்லை, பற்றுச்சீட்டுமில்லை. நீர் என்னவென்றால் உரிய தரப்புகள் கவனம் செலுத்த வேண்டும் என்கிறீர். யார் அந்தத் தரப்புகள்? பெயர் சொல்லிக் கேட்க என்ன பயம்?

வியாபாரி பக்கத்தில் நியாயமே இல்லையென்று நான் சொல்லவரவில்லை. சாக்கில் அடித்து இறுக்கிக் கட்டி, லொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, ஓர் இரவு முழுக்க ஓடினால் அடியில் கிடப்பது நசியத்தான் செய்யும். காய்ந்து நிறையும் குறையும். பிளாஸ்ரிக் கூடையில்தான் ஏற்ற வேண்டும் என்று அரசு கொண்டுவந்தபோது தம்புள்ளையில் எவ்வளவு எதிர்ப்பு வந்ததென்று உமக்கு ஞாபகமிருக்கும். நசிவால் வரும் நட்டத்தை விலையில் பேசட்டும் என்பதுதான் நான் சொல்வது. தராசில் ஏன் கை வைக்க வேண்டும்? நாட்டில் 1995இன் 35ஆம் இலக்க அளவீட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. தராசுக்கு முத்திரை குத்த உத்தியோகத்தர் வருகிறார். முத்திரை குத்திய தராசு 100 என்று காட்டுகிறது, துண்டில் 90 என்று எழுதப்படுகிறது. அப்படியானால் அந்த முத்திரை யாருக்காக?

"கழிவை நிறுத்தினால் விலையைக் குறைப்பார்கள்" என்று நிர்வாகசபையில் ஒருவர் கட்டாயம் சொல்லுவார். குறைக்கட்டும். குறைத்த விலை நாலு பேருக்குத் தெரியும். மருதனார்மடத்தில் என்ன விலை, சுன்னாகத்தில் என்ன விலை என்று கைத்தொலைபேசியில் கேட்டுப் பார்க்கலாம். கொழும்பில் ஹெக்டர் கொப்பேகடுவ நிறுவனம் ஊர் ஊராகச் சந்தை விலை சேகரித்து வெளியிடுகிறது. கிலோ இவ்வளவு ரூபாய் என்ற அந்தக் கணக்கில் இந்தப் பத்து எங்கே தெரியப்போகிறது? மந்திரியின் மேசையில் எங்கள் வருமானம் உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் நிற்கும்.

நான் செயலாளராக இருந்தபோது ஒருதரம் முயன்றோம். ஒரு சந்தைக்கு ஒருவரும் சாமான் கொண்டுபோவதில்லை என்று கூட்டத்தில் கை உயர்த்தினார்கள். விடியப்புறம் போய்ப் பார்த்தால் சைக்கிள்கள் எல்லாம் அடுத்த சந்தைக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. குற்றம் சொல்ல மனம் வரவில்லை. வெட்டிய கீரை வெயிலேறும்வரை யாருக்காகவும் காத்திருக்காது. முன்னால் போன சைக்கிளில் எங்கள் தலைவரின் தம்பி. அவர் என்னைக் கண்டதும் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டதை நினைத்தால் இப்பவும் சிரிப்பு வரும்.

ஆகையால் ஒரு சந்தையில் மட்டும் நிறுத்தச் சொல்லிக் கேட்பது வீண்வேலை. திருநெல்வேலிச் சந்தை நல்லூர் பிரதேச சபையின் கையில். சுன்னாகமும் மருதனார்மடமும் வலிகாமம் தெற்கின் கையில். 1987இன் பிரதேச சபைகள் சட்டம் சந்தையை நடத்தவும் அதற்கு உபவிதி செய்யவும் சபைகளுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் சபைகளில் தெரிவான உறுப்பினரே இருக்கவில்லை, செயலாளர்கள்தான் நடத்தினார்கள். 2025 மே மாதம் தேர்தல் நடந்தது. இப்போது வாக்குக் கேட்டு வந்த முகங்கள் அங்கே இருக்கின்றன. இரண்டு சபைகளும் ஒரே மாதத்தில் ஒரே தீர்மானத்தை எடுத்து, சந்தைக் குத்தகைக் கேள்விப்பத்திரத்திலேயே கழிவு அறவிடக்கூடாது என்ற நிபந்தனையை எழுதினால் காரியம் நடக்கும். பலாலி வீதியில் சைக்கிளில் போய்ச் சந்திக்கக்கூடிய மனிதர்களிடம் கேட்க வேண்டியதை, கொழும்பிலுள்ள பெயரில்லாத தரப்புகளிடம் ஏன் கேட்கிறீர்?

கொழும்பு என்றதும் உம்முடைய முதலாம் அம்சம் ஞாபகம் வருகிறது. வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய் இறக்குமதியை முற்றாகத் தடைசெய்ய வேண்டும். இதை நீர் எழுதவில்லை, நாங்கள்தான் எழுதுவித்தோம். சந்திக்குச் சந்தி குந்தியிருந்து சிறிமா காலத்தைப் பற்றிப் பெருமூச்சு விடுகிற கிழவர்களைக் கேட்டு வளர்ந்தவர் நீர்.

அந்தக் காலம் உண்மைதான். 1970க்குப் பிறகு வெளியிலிருந்து வெங்காயமும் மிளகாயும் வருவது நின்றபோது வாழ்க்கையே மாறிற்று. முற்றமெல்லாம் மிளகாய் காயும். தும்மாமல் ஒரு வீட்டுக்குள் நுழைய முடியாது. படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தில் முத்தையன்கட்டுக்கும் விசுவமடுவுக்கும் போனவர்கள் மிளகாய்க் காசில் மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்தார்கள். ஓட்டு வீடுகள் எழும்பின. சீதனக் கணக்குகள் ஏறின. 1977இல் ஜே.ஆர். கதவைத் திறந்துவிட்டதும் விலை விழுந்த வேகத்தில் அடுத்த போகத்துக்கு விதை வெங்காயம் வாங்கப் பயந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் நாங்கள் வீடு கட்டிய அதே வருடங்களில், 1973, 74இல், மலையகத் தோட்டங்களில் சனம் பட்டினியால் செத்தது. பாணுக்கு விடியப்புறமே வரிசை. அந்தப் பொருளாதாரத்தின் இரண்டு பக்கத்தையும் கண்டவன் என்றபடியால் சொல்கிறேன்: முற்றாகத் தடைசெய் என்று நாங்கள் எழுதினால் வாசிக்கிற சிங்களக் கூலிக்காரருக்கும் மலையகத்துத் தாய்க்கும் நாங்கள் யாராகத் தெரிவோம்? மந்திரி அந்தக் கடதாசியை மடித்து வைத்துவிடுவார். அவருக்குச் சாப்பிடுகிறவர்களின் வாக்குத்தான் கூட.

கேட்கக்கூடியது ஒன்று இருக்கிறது. இறக்குமதிக்கான விசேட பண்ட வரி 2007இன் 48ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வர்த்தமானியால் கூடுகிறது, குறைகிறது. கிழங்கு நட்டுக் கிண்ட மூன்று மாதம் போகும். வரியை மாற்ற ஓர் இரவு போதும். எங்கள் கிழங்கு சந்தைக்கு வருகிற நேரத்தில் வரி இறங்கினால் வட்டிக்கு வாங்கி நட்டவர் தொலைந்தார். நடுகைக்கு முன்னமே வரியை அறிவி, அறுவடை முடியும்வரை தொடாதே என்று கேளும். நுவரெலியாவிலும் வெலிமடையிலும் கிழங்கு போடுகிறவர்களும் அதில் கையெழுத்து வைப்பார்கள். எங்கள் சங்கக் கடிதத்தில் சிங்களக் கமக்காரரின் கையெழுத்தும் இருந்தால் கொழும்பில் அதற்கு வேறு மதிப்பு.

இவ்வளவு திட்டிவிட்டேன். எட்டாம் அம்சத்துக்கு வருகிறேன். கிணறுகள் பற்றி நீர் எழுதிய பத்தியைப் போல ஒன்றை இந்தச் சங்கத்தின் கோப்புகளில் நான் கண்டதே இல்லை. பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றித் தோட்டக் காணிகளெல்லாம் மாணவர் விடுதிகளாக மாறிப்போக, ஒவ்வொரு வளவிலும் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள தூரத்தை நாடா பிடித்து அளந்து, எந்தக் கிணற்றில் குடிக்கிறார்கள், எதில் தோட்டத்துக்கு மட்டும் இறைக்கிறார்கள் என்று பிரித்து எழுதியிருக்கிறீர். எங்களுக்கு ஆறில்லை. மாரியில் பெய்வதைச் சுண்ணாம்புக்கல் ஏந்தி வைத்திருப்பதுதான் முழுச் சொத்தும். அந்தக் கல்லிலோ வெடிப்பும் குகையும். மேலே போடுகிற யூரியாவும் மலக்குழித் தண்ணீரும் கீழே போய்ச் சேர அதிக காலம் எடுப்பதில்லை. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அதைத் தாண்டியவை என்று ஆராய்ச்சிகள் சொல்லி எவ்வளவோ காலமாகிறது. கொதிக்கவைத்தால் சரியென்று இன்னும் நம்புகிறார்கள். கொதித்தால் தண்ணீர்தான் வற்றும், நைத்திரேற்று அங்கேயே கிடக்கும். இதை நீர் எழுதிய விதத்தில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற எந்த வீடும் அடுத்த நாளே தண்ணீரைச் சோதிக்கக் கொண்டுபோகும். அருமை, பிள்ளை. இந்தப் பத்தியில் ஒரு சொல்லையும் மாற்றவேண்டாம்.

சின்னப்பெடியனாக நான் துலா மிதித்திருக்கிறேன். மேலே இரண்டு பேர் நடக்க, ஒருவர் பட்டை பிடித்துக் கவிழ்க்க, கடைசியில் ஒருவர் வாய்க்கால் கட்டிப் பாத்திக்குத் திருப்புவார். கால் ஓய்ந்தால் இறைப்பும் நின்றுவிடும், கிணறு ஊறிக்கொள்ளும். இயந்திரம் வந்த பிறகு அந்த ஓய்வு போயிற்று. கரையோரத்தில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் சவரானது இறைத்த வேகத்தில்தான். துலா மிதித்த காலத்தில் பசளைக்குக் குழை தாழ்த்தித்தான் தோட்டம் செய்தோம். வண்டிலில் பூவரசங் குழையும் கிளுவங் குழையும் வந்து இறங்கும். பிறகு யூரியாச் சாக்கு. 1990களில் பொருளாதாரத் தடையில் யூரியாவும் வரவில்லை, மண்ணெண்ணெயும் இல்லை, திரும்பவும் குழை. ஆகையால் 2021இல் இரசாயனப் பசளைக்கு ஒரே வர்த்தமானியில் தடை போட்டு, நவம்பரில் அதைத் தூக்கினார்களே, அப்போது நாடு பட்ட பாட்டைப் பார்த்து எங்கள் ஆட்கள் அதிசயிக்கவில்லை. எதையும் சடாரென்று நிறுத்தினால் பயிர் படுத்துவிடும் என்று ஏற்கெனவே பட்டறிந்தவர்கள். உம்முடைய சேதனப் பசளை அம்சத்தை எட்டாம் அம்சத்துக்குள் சேர்த்துவிடும். கிணற்றுக்காக யூரியாவைக் குறை என்று சொன்னால் கேட்பார்கள். சூழல், நிலைபேறு என்று தொடங்கினால் கொட்டாவி விடுவார்கள்.

அதே பக்கத்தில் இரணைமடுத் தண்ணீரைத் தோட்டத்துக்குக் கேட்டிருப்பதை வெட்டிவிடும். குடிதண்ணீருக்குக் கேட்டபோதே கிளிநொச்சிக் கமக்காரர்கள் மறித்தார்கள். கடைசியில் 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். இன்னொரு கமக்காரரின் வாய்க்காலைப் பார்த்து எங்கள் சங்கம் கைநீட்டக்கூடாது. தொண்டைமானாறு, அரியாலைத் தடுப்பணைகளை ஒழுங்காகப் பராமரிக்கச் சொல்லிக் கேளும். பொறியியலாளர் ஆறுமுகம் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று 1950களில் போட்ட திட்டத்தில் எங்கள் பங்குக்கு அதுவே போதும்.

தோட்டக் காணி விற்பதைத் தடை செய் என்ற பத்தாம் அம்சம்? விற்றவர்களில் பாதிப்பேர் எங்கள் உறுப்பினர்கள். கூட்டத்தில் அதை வாசிக்கும்போது நீர் அவர்களின் முகத்தைப் பார்க்காமல் வாசிக்க வேண்டிவரும். ஆறுதலாக யோசியும்.

இப்போது செய்ய வேண்டியது. ஒரு மாதத்துக்கு இருபது உறுப்பினரிடம் ஆளுக்கொரு கொப்பி கொடும். வீட்டில் நிறுத்த நிறை, சந்தையில் காசு கிடைத்த நிறை, சாமான், திகதி. அவ்வளவு போதும். எழுதத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். மாத முடிவில் கூட்டிப் பார்த்து, எத்தனை கிலோ, அன்றைய விலையில் எத்தனை ரூபாய் என்று ஒரு தாளில் எழுதி, அதை முதலாம் அம்சமாக வையும். கிணறு இரண்டாவது. வரி மூன்றாவது. மிச்சத்தை அடுத்த வருடச் செயலாளருக்கு விடும். அதுவும் நீராகத்தான் இருக்கும்.

பொதுக்கூட்டத்தில் பொருளாளர் எதிர்ப்பார். அவருடைய மருமகன் மொத்த வியாபாரி என்பது ஊருக்கே தெரியும். அவரை மறிக்கவேண்டாம், முதலில் பேசவிடும். லொறி, நசிவு, நட்டம் எல்லாம் சொல்லி முடித்து இருந்த பிறகு எழும்பிக் கொப்பிகளை ஒவ்வொன்றாக வாசியும், பெயரோடு. அவருடைய சொந்தத் தமையனின் கொப்பியைக் கடைசிக்கு வைத்திரும்.