சீனக் கரையில் ஒரு சிவன் கோயில்

கேள்வி: சீனாவில் பழைய ஊர், கோயில், மலை மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க எங்கே போகலாம்?
– வாசகர், பாப்பாரப்பட்டி

பதில்: ஃபூஜியான் மாகாணத்துச் சுவான்சோ துறைமுகத்துக்குப் போங்கள். குப்லாய் கான் காலத்தில் தமிழர்கள் அங்கே சிவன் கோயில் எழுப்பியதை 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. கோயில் இன்று இல்லை. ஆனால் நம் சிற்பங்கள் கொண்ட தூண்கள் கையுவான் புத்தர் கோயிலின் பின்புறம் நிற்கின்றன. நரசிம்மரையும் கண்ணனையும் அவசரப்படாமல் பாருங்கள். லிங்கத்தை வணங்கும் யானைச் சிற்பம் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாரதமாதா கோயிலுக்காகச் சுப்பிரமணிய சிவா கடைசிவரை பாடுபட்ட ஊர் உங்களுடையது. கடல் கடந்தும் கோயில் கட்டியவர்களின் மனம் உங்களுக்கு எளிதில் விளங்கும். மலைக்கு, அதே மாகாணத்தின் வூயி. செம்பாறைகளுக்கு நடுவே ஆற்றில் மூங்கில் தெப்பத்தில் போகலாம். கோடையில் சூறாவளி வரும். அக்டோபர் கடைசியில் புறப்படுங்கள்.