நாய்க்குட்டிக்கு ஒரு விரிப்புச் சட்டம்

நம் சங்கத்து அன்பர்கள் பலரும் அடுக்குமாடி வீடுகளில்தான் குடியிருக்கிறோம். ஊரில் என்றால் நாய்க்குட்டிக்குக் கொல்லைப்புறம் உண்டு. டோம்பிவிலியில் நான்காவது மாடியில் கொல்லைக்கு எங்கே போவது? பேத்தியின் பிடிவாதத்தால் ஆறு மாதங்களுக்கு முன் ஒரு நாட்டு நாய்க்குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்போது அதற்கு இரண்டு மாதம். தடுப்பூசிகள் முடிய ஏறத்தாழ 16 வார வயதாகும், அதுவரை தெருவில் இறக்காதீர்கள், பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும் என்றார் கால்நடை மருத்துவர். ஆகவே கடையில் விற்கும் உறிஞ்சு விரிப்புகளை வாங்கினோம். 60 செ.மீ. சதுரம்.

இந்த விரிப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. மேலே துணி போன்ற மெல்லிய தாள், அடியில் பாலிதீன், நடுவில் மரக்கூழ்ப் பஞ்சு. பஞ்சுக்குள் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற தூள். குழந்தைகளின் டயப்பரிலும் இதுதான். தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை இழுத்துக் கொழகொழவென்று உப்பிவிடும். குட்டி கடித்து விழுங்கினால் அதே வேலையை வயிற்றுக்குள்ளும் செய்யும். பாலிதீன் குடலை அடைக்கவும் கூடும்.

எங்கள் வீட்டில் மூன்றாம் நாளே அது நடந்தது. பேத்தி குட்டியை என் பொறுப்பில் விட்டுப் பள்ளிக்குப் போயிருந்தாள். நான் மதியம் கண்ணயர்ந்த நேரத்தில் உள்ளங்கை அளவு விரிப்பைத் தின்றுவிட்டது. மாலையில் ஓயாத வாந்தி. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, இரவு முழுவதும் அங்கேயே வைத்துக் கவனித்தார். மறுநாள் பஞ்சு வெளியே வந்து பிழைத்தது. பேத்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசியிருந்தால் பதில் சொல்ல என்னிடமும் எதுவும் இல்லை.

விரிப்பின் விளிம்பு அதன் வாய்க்கு அகப்படக் கூடாது. கணக்கு அவ்வளவுதான். முதலில் பிளைவுட்டில் மரச்சட்டம் அடித்தேன். பத்தே நாளில் மரம் சிறுநீரைக் குடித்து நாறியது. என் துணைவியார் அதைக் கையால் தொடாமல் காலால் வாசலுக்குத் தள்ளிவிட்டார்.

பிறகுதான் எலாஸ்டிக் கிளிப் நினைவுக்கு வந்தது. தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பிடித்திருக்கும் அந்த வளைந்த எஃகுத் துண்டை நீங்கள் பிளாட்பாரத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். விரிந்த எஃகு பழைய நிலைக்குத் திரும்ப முயல்வதுதான் அதன் பிடி. பிளந்த பி.வி.சி. குழாயும் அப்படியே பிடிக்கும்.

மின்கம்பி பதிக்கும் 20 மி.மீ. கெட்டியான பி.வி.சி. குழாய், 3 மீட்டர் நீளத்தில் இரண்டு வாங்குங்கள். அதற்குரிய எல்போ நான்கு. சதுரமாகச் செருகினால் வெளி அளவு 56 செ.மீ. வர வேண்டும். எல்போவைப் பொருத்தி அளந்த பிறகே குழாயை வெட்டுங்கள். ஏன் 56 என்றால், விரிப்பு ஒவ்வொரு பக்கமும் 3 செ.மீ. மிஞ்சும், குழாயின் மேலிருந்து வெளிப்புறமாகச் சுற்றி அடிவரை வர அது சரியாக இருக்கும். சிமெண்டு போட வேண்டாம், இறுகச் செருகினாலே நிற்கும், கழற்றிக் கழுவவும் வசதி.

மீதிக் குழாயில் நான்கு துண்டுகள், ஒவ்வொன்றும் எல்போக்களுக்கு இடையே உள்ள நேர்ப்பகுதியின் நீளம். ஒவ்வொன்றிலும் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கை நெடுக அறுத்து எடுத்துவிடுங்கள். இதுதான் பொறுமை வேண்டிய வேலை. இரண்டு கோடுகள் போட்டு, ஆக்ஸா பிளேடால் அவசரமில்லாமல் அறுக்க வேண்டும். விளிம்புகளை உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள், இல்லையேல் விரிப்பும் கிழியும், குட்டியின் பாதமும் கிழியும். சின்னச் சின்னக் கிளிப்புகளாக வெட்டினால் வேலை சுலபம்தான், ஆனால் அவற்றையே கடித்து விழுங்கிவிடும்.

சட்டத்துக்குள் தரை பள்ளமாக இருக்குமல்லவா? அங்கே 18 மி.மீ. பி.வி.சி. பலகையை 51 செ.மீ. சதுரமாக வெட்டி, எல்போ இடிக்கும் மூலைகளைக் கழித்துப் போடுங்கள். சமையலறை அலமாரி செய்பவர்களிடம் துண்டு கிடைக்கும். அதன்மேல் விரிப்பை விரித்து, விளிம்பைக் குழாயின் மேல் மடித்து, பிளந்த துண்டை வெளியிலிருந்து அழுத்தினால் 'டக்' என்று உட்காரும்.

சோறு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் தூக்கிக்கொண்டு போய் அதில் விடுங்கள். தவறிப்போனால் மூக்கைத் தேய்க்கும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. அதனால் குட்டி ஒளிந்துகொண்டு போகக் கற்றுக்கொள்ளும், வேறொன்றும் கற்காது. தரையை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் சிறுநீர் வாடை என்று நினைத்து அங்கேயே திரும்ப வரும். தண்ணீர் கலந்த வினிகர் போதும். தடுப்பூசி முடிந்தபின் சட்டத்தை நாளுக்கு ஓர் அடியாக வாசலை நோக்கி நகர்த்தினேன்.

இப்போது எட்டு மாதம். காலையில் வாரை வாயில் கவ்விக்கொண்டு வந்து என்னை எழுப்புகிறது. சட்டம் இரண்டாவது மாடி மராட்டியக் குடும்பத்திடம் இருக்கிறது. அவர்களுடைய விரிப்பு 60க்கு 45 ஆதலால், எதிரெதிர் பக்கங்களில் 15 செ.மீ. குறைத்துக் கொடுத்தேன். இந்த முறை அறுத்தது பேத்தி.