ஆண், பெண் வேறுபாட்டைக் கொண்டு அம்ப்ரோசியா வண்டுகளை வகைப்படுத்தும் முறை

அம்ப்ரோசியா வண்டுகள் மரத்தைத் துளைத்தாலும் மரத்தைத் தின்பதில்லை. துளைச் சுவரில் தாங்களே வளர்க்கும் பூஞ்சைதான் அவற்றின் உணவு. ஸ்கோலிடினே, பிளாட்டிபோடினே என்ற இரு துணைக்குடும்பங்களிலும் இந்த வாழ்க்கைமுறை தனித்தனியே தோன்றியது. அதனால் ஆணும் பெண்ணும் எதில் வேறுபடுகின்றன என்பதும் குழுவுக்குக் குழு மாறுகிறது. அந்த வேறுபாடே குழுவைக் காட்டிக்கொடுக்கும்.

சேகரிப்பை எத்தனால் பொறியோடு நிறுத்திவிடக் கூடாது. ஸ்கோலிடினேயின் சைலெபோரினி குழுவில் பறப்பவை பெண்கள் மட்டுமே. எத்தனை நாள் பொறி வைத்தாலும் ஆண் விழாது. ஆணைக் காண வேண்டுமானால் தாக்கப்பட்ட கிளையை வெட்டி, கத்தியால் நார்வாக்கில் பிளக்க வேண்டும். ஒரு துளையில் கிடைத்தவை அனைத்தையும் ஒரே குப்பியில் ஆல்கஹாலில் இட்டு, மரம், இடம், தேதி எழுதி வைக்க வேண்டும். இரு துளைகளின் வண்டுகள் கலந்துவிட்டால் எந்த ஆண் எந்தப் பெண்ணுக்குரியது என்று பிறகு சொல்ல முடியாது.

நுண்ணோக்கியில் முதலில் காலைப் பார்க்கலாம். பாதத்தின் முதல் கணு மற்றக் கணுக்கள் சேர்ந்த அளவுக்கு நீண்டு, தலையும் முன்மார்பளவு அகன்றிருந்தால் அது பிளாட்டிபோடினே. முதல் கணு குட்டையாக இருந்தால் ஸ்கோலிடினே.

அடுத்து, ஒரே துளையில் கிடைத்தவற்றை அளவுவாரியாகப் பிரிக்க வேண்டும். பெரியவை பல, சிறியவை ஒன்றிரண்டு என்றால் பெரும்பாலும் சைலெபோரினி. தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களில் ரோபஸ்டா சுள்ளிகளைக் காயவைக்கும் சைலோசாண்ட்ரஸ் காம்பாக்டஸ் நல்ல எடுத்துக்காட்டு. பெண் 1.4 முதல் 1.9 மி.மீ. வரை, பளபளக்கும் கருப்பு. அதன் முன்மார்பின் பின்விளிம்பில், இறக்கை உறை தொடங்கும் இடத்தில், சிறு மயிர்க்கற்றை தெரியும். பூஞ்சை வித்துகளைச் சுமக்கும் பையின் வாய் அது. ஆணோ 0.8 முதல் 1.1 மி.மீ. மட்டுமே, செம்பழுப்பு நிறம், பறக்க உதவாத இறக்கை. பிறந்த துளையிலேயே உடன்பிறந்த பெண்களோடு கூடுவதால் அதற்குப் பறக்கும் தேவையே இல்லை. தனியே பார்த்தால் வேறொரு இனம் என்றே தோன்றும். இக்குழுவின் அடையாளத் திறவுகோல்கள் பெண்ணை வைத்தே எழுதப்பட்டவை. ஆணை அவற்றில் வைத்துத் தேடுவது வீண்வேலை.

இரண்டு எச்சரிக்கைகள். நிறத்தை மட்டும் நம்பிப் பாலைத் தீர்மானிக்கக் கூடாது. கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வெளிவந்த பெண்ணும் வெளிர்பழுப்பாகவே இருக்கும். மேலும், இக்குழுவில் கருவுறாத முட்டையிலிருந்து ஆணே பிறக்கும். ஆகவே ஒரு துளையில் குஞ்சுகள் எல்லாமே ஆணாக இருந்தால், தாய் இணைசேராமல் முட்டையிட்டது என்று கொள்ளலாம்.

ஸ்கோலிடினேயிலேயே இருபாலும் ஏறத்தாழ ஒரே அளவில், இரண்டும் பறப்பவையாக இருந்தால் நெற்றியைப் பார்க்க வேண்டும். ஐரோப்பா, வட அமெரிக்காவின் ஊசியிலை மரங்களைத் துளைக்கும் டிரிப்போடெண்ட்ரான் லினியேட்டம் இனத்தில் ஆணின் நெற்றி ஆழக் குழிந்திருக்கும், பெண்ணினுடையது புடைத்திருக்கும். கூட்டுக்கண் இரண்டு துண்டாகப் பிரிந்திருப்பதும் சைலோடெரினி என்ற இக்குழுவை உறுதிசெய்யும்.

பிளாட்டிபோடினேயில் பார்க்க வேண்டியது பின்முனை. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து ஆசியாவுக்கு வந்து பரவிய யூபிளாட்டிபஸ் பேரலலஸ் சுமார் 4 மி.மீ. நீளமுள்ளது. ஆணின் இறக்கை உறைகள் பின்னால் நீண்டு முட்கள்போல் முடியும். பெண்ணின் உறை மழுங்கி நிற்கும். இங்கே துளையைத் தொடங்குவது ஆண், பெண் பிறகே வந்து சேரும். எனவே புதுத்துளையில் ஒரே ஒரு வண்டு இருந்தால், அது ஆணா பெண்ணா என்பதே ஒரு துப்பு: சைலெபோரினி, டிரிப்போடெண்ட்ரான் ஆகியவற்றில் தொடங்குவது பெண்.

குழு தெரிந்தபின் இனத்துக்குச் செல்லலாம், ஆனால் எல்லா இடத்திலும் இந்த வழி போதாது. இலங்கை, தென்னிந்தியத் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டு சேர்ந்த யூவாலேசியா ஃபோர்னிகேட்டஸ் தொகுப்பில் பல இனங்களின் பெண்கள் வடிவத்தால் பிரிக்க முடியாதபடி ஒத்திருக்கின்றன. அங்கே மரபணுச் சோதனைதான் முடிவு சொல்லும். அத்தகைய மாதிரிகளைத் தொடக்கத்திலேயே 95 விழுக்காடு எத்தனாலில் இட்டுக் குளிரில் வைப்பது நல்லது.