எண்ணாக வந்த மீன்

கேள்வி: அலங்கார மீன் கடையில் கறுப்பு வெள்ளை வரியோடிய ஒரு குட்டி மீனின் தொட்டியில் 'எல் 46' என்று எழுதியிருந்தது. மீனுக்கு எதற்கு எண்? பெயர் கிடையாதா?

பெயர் உண்டு: ஹிப்பான்சிஸ்ட்ரஸ் ஸீப்ரா. எண் அதற்கு மூத்தது. 1980களில் தென் அமெரிக்க ஆறுகளிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து இறங்கிய உறிஞ்சுவாய்க் கெளுத்திகள் பலவற்றை அதுவரை எந்த ஆய்வாளரும் விவரித்திருக்கவில்லை. வியாபாரிகள் ஆளுக்கொரு பெயர் சொல்லி விற்றார்கள். 'டாட்ஸ்' என்ற ஜெர்மன் மீன் வளர்ப்பு இதழ் 1988இல் இதற்கு ஒரு வழி கண்டது. புதிதாக வரும் மீனின் படத்தைப் போட்டு, வந்த இடத்தைச் சொல்லி, வரிசையாக எண் கொடுத்தது. 'எல்' என்பது லோரிக்காரிடே குடும்பத்தின் முதலெழுத்து. நம் ஊரில் 'டேங்க் கிளீனர்' என்று விற்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

கேள்வி: அந்த எண் எப்போது பெயராக மாறும்?

யாராவது உட்கார்ந்து அந்த மீனை முழுமையாக எழுதும்போது. படம் மட்டும் போதாது. விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதிகளின்படி மாதிரி உடல் வேண்டும்; வழக்கமாக ஒரே ஒரு மீனை 'மூலமாதிரி' என்று அறிவித்து அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். பின்னாளில் சந்தேகம் எழுந்தால் அந்தப் பெயர் அந்த உடலைச் சேர்ந்தது. மீனை ஃபார்மலினில் பதப்படுத்தி ஆல்கஹாலுக்கு மாற்றுவார்கள். ஃபார்மலினில் இடுவதற்கு முன்பே மரபணு ஆய்வுக்குச் சிறு தசைத் துண்டு எடுத்துவிட வேண்டும். ஆல்கஹாலில் நிறம் மெல்ல மங்கிவிடும். கடைக்காரர் எதைப் பார்த்து அடையாளம் சொல்கிறாரோ, அதையே ஆய்வாளரால் முழுதாக நம்ப முடியாது. ஆகவே மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் அடி வரை அளக்கிறார்கள். பக்கவாட்டு எலும்புத் தகடுகளையும் தாடைப் பற்களையும் எண்ணுகிறார்கள். சில மீன்களின் தசையைக் கண்ணாடிபோலத் தெளிய வைத்து, எலும்புக்குச் சிவப்பும் குருத்தெலும்புக்கு நீலமும் ஏற்றிப் பார்க்கிறார்கள். பிறகு, ஏற்கெனவே பெயருள்ள உறவினங்களிலிருந்து இது எதில் வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். என் கணிப்பில் வேலையின் உயிரே அந்தப் பத்திதான்.

சுமார் 8 செ.மீ. வளரும் இந்த வரி மீனை ஆம்ஸ்டர்டாம் விலங்கியல் அருங்காட்சியகத்தின் ஐசக் இஸ்ப்ரூக்கரும் ஹான் நிஸ்ஸனும் 1991இல் விவரித்தார்கள். தனி இனமாக மட்டுமல்ல, புதுப் பேரினமாகவே. கீழ்த்தாடைப் பற்கள் மிகக் குறைவு என்பது முக்கிய அடையாளம். பாசி சுரண்டும் உறவினர்களைப் போலன்றி இது புழு, பூச்சி போன்ற சிற்றுயிர்களை விரும்பித் தின்னும்.

எண்கள் ஏமாற்றுவதும் உண்டு. எல் 98 என்று தனி எண் பெற்றதும் இதே வரி மீன்தான். 2025இல் இதன் உறவினம் ஒன்றுக்கு ஹிப்பான்சிஸ்ட்ரஸ் செய்டெலி என்று பெயரிடப்பட்டபோது, எல் 66, எல் 333 உட்படப் பல எண்கள் ஒரே இனத்துக்குள் வந்து சேர்ந்தன. கோலம் வேறு வேறு, இனம் ஒன்று.

கேள்வி: பெயர் வைப்பதால் மீனுக்கு என்ன லாபம்?

சட்டம் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் பேசும். வரி மீனுக்கு உலகத்தில் ஒரே வீடு, பிரேசிலின் ஷிங்கு ஆறு பெரிதாக வளையும் வோல்டா கிராண்டே பகுதியின் பாறை இடுக்குகள். 2016இல் இயங்கத் தொடங்கிய பெலோ மொன்டே அணை, அந்த வளைவின் தண்ணீரில் பெரும்பங்கை மின்நிலையத்துக்குத் திருப்பிவிடுகிறது. பிரேசில் 2004லேயே இந்த மீனை அழியும் ஆபத்துள்ளவற்றின் பட்டியலில் சேர்த்திருந்தது. அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' ஒப்பந்தத்தின் மாநாடு 2022இல் பனாமாவில் கூடி, இதைத் தன் இரண்டாம் இணைப்புப் பட்டியலில் சேர்த்து, ஆற்றில் பிடித்த மீனை வணிகத்துக்கு அனுப்பும் அளவைப் பூஜ்யமாக்கியது. பெயரில்லாத மீனுக்கு இந்தப் பட்டியல்களில் இடம் கிடைப்பது மிக அரிது. தொட்டியில் பிறந்த வரி மீன்கள் மட்டுமே உரிய அனுமதியோடு நாடு தாண்டி விற்பனைக்கு வரலாம். நீங்கள் பார்த்த கடையில் அது எங்கே பிறந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள்.