பூச்சி உணவு: ஹலால் எது, கவனிக்க வேண்டியது எது?



சிங்கப்பூர் அரசின் உணவு முகமை 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளை மனிதர் உண்ணலாம் என்று அனுமதித்தது. சிள்வண்டு, மாவுப்புழு, பட்டுப்புழு, வெட்டுக்கிளி ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியமும் 2021 முதல் மாவுப்புழு, வெட்டுக்கிளி, வீட்டுச் சிள்வண்டு என ஒவ்வொன்றாக அனுமதித்து வருகிறது. இவை முழுப் பூச்சியாக மட்டுமல்லாமல், மாவாக அரைக்கப்பட்டு ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் சேர்க்கப்படுகின்றன. நம் வீடுகள் பலவற்றில் சிங்கப்பூரிலோ ஐரோப்பாவிலோ வேலை பார்ப்பவர் ஒருவராவது இருக்கிறார். அவர் அங்கே என்ன வாங்கிச் சாப்பிடுகிறார், ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்கு என்ன கொண்டு வருகிறார் என்பது நம் கவலை. அதனால் இந்த மாதப் பாடத்துக்கு இதை எடுத்துக்கொண்டோம்.

ஏன் பூச்சி?

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-ல் உண்ணத்தக்க பூச்சிகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் சுமார் 200 கோடிப் பேரின் பாரம்பரிய உணவில் பூச்சி இருக்கிறது என்றும், 1,900-க்கும் மேற்பட்ட வகைகள் உண்ணப்படுகின்றன என்றும் அது கூறியது. நம் நாட்டிலும் இது புதிதல்ல. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துச் செவ்வெறும்புத் துவையலுக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழகக் கிராமங்களில் மழை பெய்து ஓய்ந்ததும் பறக்கும் ஈசலைப் பிடித்து, அரிசியோடு வறுத்துத் தின்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சூழலியலாளர்கள் பூச்சியைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் தீவனக் கணக்கு. மாடு 1 கிலோ எடை கூட ஏறத்தாழ 8 கிலோ தீவனம் தின்ன வேண்டும். சிள்வண்டுக்குச் சுமார் 2 கிலோ போதும். பூச்சி தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளத் தீனியைச் செலவழிப்பதில்லை. மேலும் மாட்டின் எடையில் பாதிக்கும் குறைவாகவே உணவாகிறது. சிள்வண்டில் 80 சதவீதம் உணவாகிறது. நிலமும் தண்ணீரும் குறைவாகவே தேவைப்படுகின்றன. ஆனால் குளிர் நாடுகளில் பூச்சிப் பண்ணையைச் சூடாக வைக்க மின்சாரம் வேண்டும். மனிதர் உண்ணும் தானியத்தையே பூச்சிக்கும் போட்டால் லாபம் குறைந்துவிடும். நன்மை உண்மையானதுதான், அதற்கும் ஓர் அளவு இருக்கிறது.

மார்க்கம் சொல்வது என்ன?

வெட்டுக்கிளி ஹலால் என்பதில் நான்கு மத்ஹபுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நபி (ஸல்) அவர்களுடன் ஆறு அல்லது ஏழு போர்ப் பயணங்களில் கலந்துகொண்டு வெட்டுக்கிளி உண்டதாக அப்துல்லாஹ் பின் அபீ அவ்ஃபா (ரலி) அறிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றிருக்கிறது. தாமாகச் செத்தவற்றில் மீனும் வெட்டுக்கிளியும் நமக்கு ஆகுமாக்கப்பட்டுள்ளன என்று இப்னு உமர் (ரலி) வழியாக வரும் செய்தியும் உண்டு. ஆகவே அதை அறுக்க வேண்டியதில்லை என்பது பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. மாலிக்கி மத்ஹபில் மட்டும், பிஸ்மில்லாஹ் சொல்லி அதைச் சாகடிக்கும் ஒரு செயல் நடந்திருக்க வேண்டும் என்பார்கள்.

மற்றப் பூச்சிகளின் சட்டம் வேறு. அசுத்தமானவை நமக்குத் தடுக்கப்பட்டுள்ளன என்ற அஃராஃப் அத்தியாயத்தின் 157-ஆம் வசனக் கருத்தின் அடிப்படையில் ஹனஃபி, ஷாஃபி, ஹன்பலி மத்ஹபுகள் புழு, வண்டு, சிள்வண்டு, ஈசல் போன்றவற்றை உண்பதைத் தடுக்கின்றன. எறும்பையும் தேனீயையும் கொல்வதற்கு ஹதீஸில் நேரடித் தடையே வந்திருக்கிறது. மாலிக்கி அறிஞர்கள், கெடுதல் இல்லாத பூச்சியை முறைப்படி கொன்றால் உண்ணலாம் என்கிறார்கள்.

நம் பகுதி மக்கள் ஷாஃபி அல்லது ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். ஆகவே நமக்கு விடை தெளிவு: வெட்டுக்கிளி ஆகும், சிள்வண்டும் மாவுப்புழுவும் ஆகாது. ஒரே கடையில் ஒரே தட்டில் அடுக்கியிருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. “பூச்சிப் புரதம்” என்று பொதுவாக எழுதியிருந்தால் எந்தப் பூச்சி என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

அருவருப்பு வேறு, ஹராம் வேறு

உடும்பு போன்ற ஒரு பாலைவனப் பிராணியின் இறைச்சி நபி (ஸல்) அவர்கள் முன் வைக்கப்பட்டபோது அவர்கள் உண்ணவில்லை. இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டார்கள். இல்லை, தம் சமூகத்தார் பகுதியில் இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் பதில் வந்தது. காலித் (ரலி) அங்கேயே உண்டார்கள், நபியவர்கள் தடுக்கவில்லை.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. நமக்குப் பிடிக்காததை எல்லாம் ஹராம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அதேபோல, உலகத்துக்கு நல்லது என்பதால் மட்டும் ஒன்று ஹலால் ஆகிவிடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வறுத்த ஈசலை நீட்டினால், “நாங்கள் இதைச் சாப்பிடுவதில்லை” என்று நன்றியோடு மறுக்க நம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்போம். மூக்கைப் பொத்திக் கேலி செய்வது மார்க்கம் கற்றுத்தந்த பண்பல்ல.

நம் சமையலறையில்

பேரீச்சம்பழத்தில் புழு, அரிசியில் வண்டு என்பது எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. நபி (ஸல்) அவர்களிடம் பழைய பேரீச்சம்பழம் கொண்டுவரப்பட்டபோது, அதைப் பிரித்துப் புழுவை நீக்கியதாக அனஸ் (ரலி) அறிவிப்பு அபூதாவூதில் உள்ளது. நோன்பு திறக்கும் அவசரத்திலும் பழத்தைப் பிளந்து பார்த்துவிட்டு உண்பது நல்லது. பழத்திலேயே உண்டாகி, பிரிப்பதற்குச் சிரமமாக இருக்கும் புழு பழத்தோடு சேர்ந்து போய்விட்டால் குற்றமில்லை என்று ஷாஃபி மத்ஹபில் சலுகை உண்டு. அதைத் தனியே எடுத்து உண்பதற்கு அனுமதி இல்லை. வண்டு விழுந்த அரிசியைக் கொட்டிவிட வேண்டாம். புடைத்து, வெயிலில் காயவைத்து, களைந்து சமைக்கலாம்.

பாக்கெட்டைப் படியுங்கள்

வெளிநாட்டுத் தின்பண்டங்களில் மூன்றைக் கவனிக்கச் சொல்கிறோம்.

1. பூச்சியின் பெயர். ஐரோப்பாவிலும் சிங்கப்பூரிலும் பூச்சி சேர்த்த பாக்கெட் உணவில் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். சேர்மானப் பட்டியலை முழுவதும் படியுங்கள்.

2. கார்மைன். எண் 120. கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம் இது. மிட்டாய், தயிர்ப் பானம், உதட்டுச் சாயம் ஆகியவற்றில் வருகிறது. இந்தோனேசிய உலமா சபை 2011-ல் இதை ஆகும் என்றது. ஆகாது என்று சொல்லும் ஆலிம்களும் பலர் உண்டு. உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

3. ஷெல்லாக். எண் 904. இது அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின். பூச்சியின் உடல் அல்ல. மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் பளபளப்பு தருவது. தேன் தேனீயிடமிருந்து வந்தும் ஹலாலாக இருப்பதை ஒப்பிட்டு, பல அறிஞர்கள் இதை அனுமதிக்கிறார்கள்.

உடல்நலம் பற்றி ஓர் எச்சரிக்கை: இறால், நண்டு சாப்பிட்டால் தடிப்போ மூச்சுத் திணறலோ வருபவர்களுக்கு வெட்டுக்கிளி உள்ளிட்ட பூச்சிகளும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர்கள் தொடவே வேண்டாம். மருந்து அடித்த வெட்டுக்கிளியும் ஆபத்தானது. 1988-89-ல் குவைத்தில் உணவுக்காகப் பிடித்த வெட்டுக்கிளிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் இருந்தது ஆய்வில் தெரியவந்தது. ஹலாலாக இருந்தால் மட்டும் போதாது. தூய்மையாகவும் இருக்க வேண்டும் என்று குர்ஆன் சேர்த்தே சொல்கிறது.

தீவனம் வழியே ஒரு நன்மை

பூச்சியை நாம் உண்ணாமலே அதன் பயனைப் பெறும் வழியும் இருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் வெட்டுக்கிளிக் கூட்டம் ஒரே நாளில் 35,000 பேர் உண்ணும் அளவு பயிரைத் தின்றுவிடும். 2020-ல் பாகிஸ்தானின் ஒகாரா மாவட்டத்தில் இந்தக் கூட்டம் இறங்கியபோது, மருந்து தெளிக்காத இடங்களில் விவசாயிகள் இரவில் அவற்றைப் பிடித்தார்கள். இரவில் அவை மரத்தில் அப்பிக்கொண்டு அசையாமல் இருக்கும். கிலோவுக்கு 20 ரூபாய் கொடுத்து வாங்கிக் கோழித் தீவனமாக அரைத்தார்கள். பயிரை இழந்தவர் கையில் கொஞ்சம் காசாவது சேர்ந்தது.

பூச்சித் தீவனம் தின்றதால் கோழி ஹராம் ஆகாது. நாட்டுக்கோழி காலமெல்லாம் புழுவைக் கொத்தித்தான் வளர்கிறது. அசுத்தத்தையே முக்கிய தீனியாகக் கொண்ட பிராணிக்குத்தான் தடை வந்திருக்கிறது; அதையும் சில நாள் அடைத்து வைத்துச் சுத்தமான தீனி கொடுத்தால் தடை நீங்கும். இப்னு உமர் (ரலி) அத்தகைய கோழியை மூன்று நாள் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

நம் பங்கு

இவ்வளவு பேச்சுக்கும் காரணம், வருங்காலத்தில் எல்லோருக்கும் உணவு போதுமா என்ற கவலை. சிள்வண்டு உண்ணாமலே அந்தக் கவலையில் நாம் பங்கெடுக்க முடியும். மத்தி, முட்டை, பயறு, கடலை ஆகியவை குறைந்த செலவில் புரதம் தருகின்றன. வலீமா விருந்து முடிந்ததும் குப்பைக்குப் போகும் சோற்றையும் இறைச்சியையும் கணக்கிட்டால் நமக்கே வெட்கமாக இருக்கும். ஒரு கிலோ இறைச்சிக்குப் பின்னால் எவ்வளவு தீவனமும் தண்ணீரும் இருக்கின்றன என்று தெரிந்த பிறகு, அதை இலையில் மிச்சம் வைத்து எழுவது எப்படி? உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கட்டளை பூச்சி உணவின் காலத்துக்கும் பொருந்துகிறது.

வீட்டில் கலந்து பேச

1. பிடிக்காத உணவுக்கும் ஹராமான உணவுக்கும் என்ன வேறுபாடு? பிள்ளைகளை உதாரணம் சொல்லச் சொல்லுங்கள்.
2. வீட்டில் இருக்கும் மூன்று பாக்கெட்டுகளை எடுத்து 120, 904 என்ற எண்கள் உள்ளனவா என்று பாருங்கள்.
3. அடுத்த விசேஷத்தில் உணவு வீணாகாமல் இருக்க நம் குடும்பம் செய்யக்கூடிய ஒரு காரியம் எது?

அல்லாஹ் நம் உணவில் பரக்கத் செய்வானாக.